சோளச் செய்கையில் நைதரசன் பசளை: அளவும் காலமும்

இலங்கையின் உலர் வலயத்திலே, பெரும்போக மழையை நம்பி மேட்டுநிலங்களில் விளைவிக்கப்படும் தானியங்களுள் சோளம் முதன்மையானது. அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை ஆகிய மாவட்டங்களில் இப்பயிர் பரந்த அளவிற் செய்கை பண்ணப்படுகின்றது. விளையும் மணியின் பெரும்பகுதி கோழித்தீன் தயாரிப்பிற்கே செல்கின்றது. ஆதலால் சோளத்திற்குச் சந்தை உண்டு. நல்ல விளைவு எடுப்போருக்கு வருவாயும் உண்டு.

ஆயினும், நெல் வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் நன்கு அறிந்த கமக்காரர் பலர் சோளத்திற்குப் பசளையிடும்போது தவறிவிடுகின்றனர். வயலிற் செய்வதுபோல யூரியாவை நிலத்தின் மேல் வீசிவிடுவோர் சிலர். பயிர் மஞ்சளித்த பின்னர், பூக்கும் காலத்தில் அவசரமாக இடுவோர் வேறு சிலர். பசளைக்குப் பணம் செலவாகின்றது. பொத்தியோ சிறுத்து, நுனியில் மணியின்றி வெறுமையாகக் கிடக்கின்றது.

இப்பிரசுரம் சொல்ல விரும்புவது ஒன்றே. சோளத்தின் மணி விளைவைத் தீர்மானிப்பது நைதரசனின் அளவு மாத்திரமன்று. அது பயிருக்குக் கிடைக்கும் காலமுமாகும். பயிர் முழங்கால் உயரத்தை அடையும் நாள் முதல் ஆண்பூ வெளிவரும் நாள் வரையுள்ள சில வாரங்களில் நைதரசன் குறைந்தால், பின்னர் எவ்வளவு இட்டாலும் அக்குறை முற்றாக நீங்காது.

நைதரசன் பயிருக்குச் செய்யும் பணி

தாவரத்தின் இலை பச்சை நிறமாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள பச்சையமாகும். சூரிய ஒளியைக் கொண்டு உணவைத் தயாரிப்பது இப்பச்சையமே. பச்சையத்திலும், பயிரின் உடலெங்குமுள்ள புரதங்களிலும் நைதரசன் அடங்கியுள்ளது. ஆகவே நைதரசன் குறைந்தால் இலை சிறுக்கும். அதன் நிறம் வெளிறும். உணவுத் தயாரிப்பும் குன்றும்.

சோளம் பெரிய இலைகளையும் தடித்த தண்டையும் உடைய பயிர். சில வாரங்களுக்குள் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்துவிடுகின்றது. இவ்வளவு விரைவாக உடலைக் கட்டும் பயிருக்கு நைதரசன் பெருமளவில் வேண்டப்படுவது இயல்பே. மணி பிடித்த பின்னர், இலைகளிலும் தண்டிலும் சேர்ந்துள்ள நைதரசனில் ஒரு பகுதி மணிக்கு மாறிச் செல்கின்றது. பசுமையான இலைகளை உடைய பயிரே மணியை நிரப்ப வல்லது. மணி நிரம்பு முன்னரே கீழ் இலைகள் காய்ந்துபோன பயிரில் மணி சுருங்கி, நிறை குறைந்து காணப்படும்.

பயிர் நைதரசனை வேண்டும் காலம்

முளைத்த முதல் மூன்று வாரங்களில் சோள நாற்று மெல்ல வளர்கின்றது. இக்காலத்தில் அதன் வளர்முனை நிலமட்டத்திற்குக் கீழேயே இருக்கும்; வேரும் சிறியது. எனவே அது எடுக்கும் நைதரசன் சிறிதளவே. நடுகையின்போது முழுப் பசளையையும் இட்டால், அதிற் பெரும்பகுதி எடுப்பாரின்றி மண்ணிற் கிடக்கும். மழை வந்தால் அடித்துச் செல்லப்படும்.

மூன்றாம், நான்காம் வாரமளவில் பயிர் முழங்கால் உயரத்தை அடைகின்றது. இதன் பின்னர் நாளுக்கு நாள் வளர்ச்சி விரைவாகும். வெளியே இலை மாத்திரம் நமது கண்ணுக்குத் தெரியும் இக்காலத்திலேயே, தண்டினுள்ளே வருங்காலப் பொத்தி உருவாகத் தொடங்கிவிடுகின்றது. பொத்தியில் எத்தனை மணிவரிசைகள் அமையும் என்பது முதலில் முடிவாகின்றது. ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை சூல்கள் அமையும் என்பது அதனையடுத்து முடிவாகின்றது. ஒரு பொத்தியை எடுத்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள். அவை பெரும்பாலும் 12, 14, 16 என இரட்டை எண்ணாகவே இருக்கும். இந்த எண்ணிக்கை, பொத்தி நமது கண்ணிற்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்னரே தீர்ந்துவிட்ட ஒன்று.

ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் முற்றும் இனங்களில், ஏழாம் அல்லது எட்டாம் வாரத்தில் உச்சியில் ஆண்பூ வெளிவரும். சில நாட்களில் பொத்தியின் நுனியிற் பட்டிழைகள் தோன்றும். ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு சூலிலிருந்து வருவது. மகரந்தம் அவ்விழையின் வழியாகச் சூலைச் சேர்ந்தாலன்றி மணி உண்டாகாது. பட்டிழை தோன்றும் வேளையில், பயிர் தன் வாழ்நாளில் எடுக்கவேண்டிய நைதரசனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எடுத்து முடித்திருக்கும். அக்காலத்தில் உணவு போதாவிடின், பயிர் பொத்தியின் நுனியிலுள்ள இளமணிகளைக் கைவிட்டு அடியிலுள்ளவற்றை மாத்திரம் காப்பாற்றும். நுனி வெறுமையான பொத்திகள் பலவற்றின் வரலாறு இதுவாகும். வரட்சி, அளவிற்கு மிஞ்சிய நெருக்கம், மகரந்தச் சேர்க்கைக் குறை ஆகியனவும் இவ்விளைவைத் தரும் என்பதையும் மறத்தலாகாது.

வயல் வேறு, மேட்டுநிலம் வேறு

நீர் நின்ற வயலில் நைதரசன் நடந்துகொள்ளும் முறையும் மேட்டுநிலத்தில் நடந்துகொள்ளும் முறையும் ஒன்றல்ல. நெல்லுக்கு யூரியா இட்டுப் பழகிய கமக்காரர் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

மண்ணில் இடப்பட்ட யூரியா சில நாட்களுள் அமோனியமாக மாறுகின்றது. அமோனியத்தை மண்துகள்கள் பற்றிக்கொள்ளும். நீர் தேங்கிய வயற் சேற்றில் வளி இல்லாமையால் நைதரசன் பெரும்பாலும் அமோனியமாகவே தங்கியிருக்கும். நெல் அதனையே எடுக்கும். மேட்டுநிலத்திலோ வளியோட்டம் உண்டு. அங்கு வாழும் பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றிவிடுகின்றன. நைத்திரேற்றைச் சோளம் விரும்பி எடுக்கும். ஆனால் மண் அதனைப் பற்றி வைத்துக்கொள்ளாது. நீர் சென்ற வழியே அதுவும் செல்லும்.

இதனால் மேட்டுநிலத்தில் நைதரசன் மூன்று வழிகளில் இழக்கப்படுகின்றது. முதலாவது, நிலத்தின் மேற்பரப்பிற் கிடக்கும் யூரியா அமோனியா வாயுவாகி வளியிற் கலந்துவிடும். ஈரமான நிலத்தில் யூரியாவை மூடாமல் விட்டு, அதனைக் கரைத்து மண்ணுள் இறக்கும் மழையோ நீர்ப்பாய்ச்சலோ தொடர்ந்து இல்லாதபோது இவ்விழப்பு மிகும். சுண்ணாம்புத்தன்மை கூடிய மண்ணில் இது இன்னும் அதிகம். இரண்டாவது, பெருமழையில் நைத்திரேற்று வேருக்கு எட்டாத ஆழத்திற்குக் கழுவப்பட்டுவிடும். மணற்பாங்கான நிலத்தில் இது விரைவில் நிகழும். மூன்றாவது, வடிகாலின்றி நீர் தேங்கினால் நைத்திரேற்று நைதரசன் வாயுவாகி வெளியேறிவிடும். மழைக்குப் பின் நீர் தேங்கிய பள்ளத்தில் சோளம் மஞ்சளித்து நிற்பதற்கு இவ்விழப்பும், வேர் மூச்சுவிட இயலாமையும் காரணங்களாகும். அத்தகைய இடத்தில் முதலில் வேண்டுவது வடிகால். பசளை அதன் பின்னரே.

உலகெங்கும் தானியப் பயிர்களுக்கு இடப்படும் நைதரசனிற் பாதிக்கும் குறைவானதே பயிரைச் சென்றடைகின்றது என்பது பொதுவாகக் கண்டறியப்பட்ட உண்மை. பணம் கொடுத்து வாங்கிய மூடையில் எத்தனை பங்கு பயிரைச் சேர்கின்றது என்பது, இடும் முறையையும் காலத்தையும் பொறுத்தது.

குறைபாட்டை இலையில் அறிதல்

நைதரசன் குறையும்போது பயிர் பழைய இலைகளிலுள்ள நைதரசனை எடுத்து இளந்தளிருக்கு அனுப்பும். ஆகையால் மஞ்சள் நிறம் முதலிற் கீழ் இலைகளிலேயே தோன்றும். அது இலையின் நுனியில் ஆரம்பித்து, நடுநரம்பின் வழியாக அடியை நோக்கி ஆப்பு வடிவிற் பரவும். இலையோரங்கள் சில காலம் பச்சையாகவே இருக்கும். பின்னர் அவ்விலை காய்ந்துவிடும்.

இவ்வடையாளத்தை வேறு குறைபாடுகளுடன் மயங்குதல் கூடாது. கீழ் இலைகளின் ஓரங்கள் முதலில் மஞ்சளித்துக் கருகினால் அது பொற்றாசியக் குறைவு. இளநாற்றின் இலைகள் ஊதா நிறம் கொண்டால் பொசுபரசுக் குறைவாக இருக்கலாம். மேலுள்ள இளம் இலைகள் வெளிறினால் நாகம், கந்தகம் போன்றவற்றின் குறைவை ஐயுறல் வேண்டும். பகலில் இலைகள் சுருண்டு, மாலையில் விரிந்தால் அது நீர்க்குறைவே. இவற்றிற்கெல்லாம் யூரியா மருந்தாகாது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. இலை மஞ்சளித்ததென்றால் பயிர் ஏற்கெனவே நைதரசன் குறைவால் வாடிவிட்டது என்பதே பொருள். அறிகுறியைக் கண்டு பசளையிடுதல் தவறைத் திருத்த உதவும். உரிய நாளில் இடுதலே தவறு நேராமற் காக்கும்.

எவ்வளவு வேண்டும்?

ஒரு தொன் சோள மணியை விளைவிக்கும் பயிர், மணி, தண்டு, இலை அனைத்திற்குமாக ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ நைதரசனை எடுக்கின்றது. ஏக்கருக்கு 2 தொன் எடுக்க விரும்புவோரின் பயிருக்கு 40 முதல் 50 கிலோ வேண்டும். இதில் ஒரு பங்கை மண்ணிலுள்ள சேதனப் பொருள் தரும். எஞ்சியதையும், இழப்பிற்கு ஈடாக வேண்டியதையும் நாம் இடவேண்டியவர்களாகின்றோம். மணியுடன் நிலத்தை விட்டு வெளியேறுவது தொன்னுக்கு ஏறக்குறைய 14 கிலோவாகும். தட்டையை எரிக்காமல் நிலத்திலேயே விட்டு மடக்கினால் எஞ்சிய பங்கு காலப்போக்கில் மண்ணுக்கே திரும்பும்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ அடங்கியுள்ளது. அமோனியஞ் சல்பேற்றில் நூற்றுக்கு 21 பங்கே உண்டு. அதே நிறையுள்ள மூடையில் பத்தரைக் கிலோ மாத்திரம். விலையை ஒப்பிடும்போது மூடைக்கு மூடை பாராது, நைதரசன் கிலோவுக்கு என்ன விலை என்று கணக்கிடுக. அமோனியஞ் சல்பேற்றுடன் கந்தகமும் கிடைப்பதைக் கவனத்திற் கொள்க.

இடவேண்டிய மொத்த அளவு நிலத்திற்கு நிலம் வேறுபடும். மழையை மாத்திரம் நம்பிய நிலத்திற்கும் நீர்ப்பாசன நிலத்திற்கும் ஒரே அளவு பொருந்தாது. கலப்பின விதை இடுவோர் அதற்கேற்ற அளவை இடல் வேண்டும். மண்பரிசோதனை செய்து, உங்கள் பகுதிக்குரிய சிபார்சை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து அதன்படி ஒழுகுக.

இடும் முறை

நடுகையின்போது பொசுபரசு, பொற்றாசியப் பசளைகளுடன் மொத்த நைதரசனில் ஏறக்குறைய காற்பங்கை அடிக்கட்டுப் பசளையாக இடுக. யூரியா விதையைத் தொடுதல் கூடாது. தொட்டால் முளை கருகும். எஞ்சிய பங்கை மூன்றாம், நான்காம் வாரத்தில், பயிர் முழங்கால் உயரமாக இருக்கும்போது மேற்கட்டாக இடுக. மணற்பாங்கான நிலத்திலும் கனமழை பெய்யும் இடத்திலும் இம்மேற்கட்டை இரு கூறாக்கி, இரண்டாவதை ஐந்தாம், ஆறாம் வாரத்தில் இடுதல் நன்று.

மேற்கட்டு இடும்போது பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க.

1. முதலிற் களையை அகற்றுக. களை நிற்கும் நிலத்தில் இடும் பசளை களைக்கே விருந்தாகும்.

2. மண் ஈரமாக இருக்கும் நாளைத் தெரிந்தெடுக்க. வரண்ட நிலத்தில் வேர் அதனை எடுக்க இயலாது. பெருமழை வரும் அறிகுறி தோன்றினால் ஓரிரு நாள் பொறுத்திருக்க.

3. வரிசையின் ஓரத்தில், செடியிலிருந்து நாலு விரல் தூரத்தில் ஆழமற்ற சாலிட்டு, அதிற் பசளையை இடுக. இலைக்குருத்தினுள் மணிகள் விழுந்தால் இலை கருகும்.

4. உடனே மண்ணால் மூடி, செடியின் அடிக்கு மண் அணைக்க. மூடுதல் ஒன்றே வாயுவாகி வெளியேறும் இழப்பைப் பெரிதும் தடுக்கும். மண் அணைத்தல் காற்றிற் சாய்வதையும் குறைக்கும்.

அளவு தவறாதிருக்க ஓர் எளிய வழி உண்டு. வரிசைக்கு வரிசை 60 சதமமீற்றரும் செடிக்குச் செடி 30 சதமமீற்றரும் இடைவெளி விட்டு, குழிக்கு ஒரு செடி வீதம் நிற்குமாயின், ஏக்கரில் ஏறக்குறைய 22,500 செடிகள் நிற்கும். ஒரு மூடை யூரியாவை ஏக்கருக்கு இடுவதானால் செடியொன்றுக்கு வருவது 2 கிராமுக்குச் சற்று மேலாகும். 100 செடிகளுக்கு 220 கிராம். ஒரு கிண்ணத்தில் 220 கிராம் நிறுத்து, அது சரியாக 100 செடிகளுக்கு வரும்படி முதலில் ஒரு வரிசையிற் கைபழகிக்கொள்க. பின்னர் கை தானே அளவறிந்து இடும்.

சேதனப் பசளையின் பங்கு

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. எனினும் 2021/22 பெரும்போகத்தில் பசளை உரிய காலத்திற் கிடைக்காமையால் நெல், சோளம் ஆகியவற்றின் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அக்காலத்தை அனுபவித்த கமக்காரருக்கு நைதரசனின் பெறுமதியை எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து சேதனப் பசளை பயனற்றது என்று முடிவு செய்தல் தவறாகும்.

நன்கு உக்கிய கூட்டெருவில் நூற்றுக்கு 1 முதல் ஒன்றரைப் பங்கு வரையே நைதரசன் இருக்கும். ஒரு மூடை யூரியாவிலுள்ள 23 கிலோ நைதரசனுக்கு ஈடாக ஏறக்குறைய 2 தொன் உலர்ந்த கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு சிறு பங்கே முதற் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். நான்கு வாரங்களுக்குள் விரைந்து நைதரசன் வேண்டும் சோளத்திற்குக் கூட்டெரு மாத்திரம் போதாமைக்கு இதுவே காரணம். ஆயினும் கூட்டெரு மண்ணின் ஈரத்தைக் காக்கும். அமோனியம் போன்ற போசணைகளைப் பற்றி வைக்கும். மழை பிந்தினாலும் பயிரைத் தாங்கும். ஆகவே சேதனப் பசளையை நிலத்திற்கும், யூரியாவைப் பயிருக்கும் இடுவதாகக் கொள்க. ஒன்று மற்றொன்றிற்குப் பகையன்று.

வேலிகளில் நிற்கும் கிளிசரியாவின் இலையில், உலர்நிறையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு நைதரசன் உண்டு. அதனை வெட்டி நிலத்திற் புதைத்தால் விரைவில் உக்கும். பயறு, கௌபீ, உழுந்து ஆகிய அவரையினப் பயிர்களைச் சோளத்துடன் மாற்றிப் பயிரிடுவதும் நிலத்திற்கு நன்மை தரும்.

அளவிற்கு மிஞ்சினால்

நைதரசன் கூடக் கூட விளைவும் ஓரளவிற்குக் கூடும். ஆனால் ஒரே விகிதத்தில் அன்று. முதல் மூடை தரும் மேலதிக விளைவை இரண்டாவது தராது. இரண்டாவது தருவதை மூன்றாவது தராது. ஒரு கட்டத்திற்கு மேல் பசளை கூடினாலும் மணி கூடுவதில்லை. பொசுபரசோ, பொற்றாசியமோ, நீரோ குறைவாயிருப்பின் அக்கட்டம் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். மிஞ்சிய நைதரசனால் பயிர் தழைத்து, முற்றுவது பிந்தும். மென்மையான தண்டு காற்றிற் சாயும்.

மரக்கறித் தோட்டத்தைத் தொடர்ந்து அதே நிலத்திற் சோளம் இடுவோர் இதனை விசேடமாகக் கவனித்தல் வேண்டும். வெங்காயம், மிளகாய் முதலியவற்றிற்கு இட்ட பசளையின் எச்சம் அந்நிலத்தில் இருக்கும். சோளத்தின் வேர் ஆழமாகச் சென்று அவ்வெச்சத்தை எடுக்கவல்லது. ஆகவே அங்கு மேற்கட்டைக் குறைக்கலாம். பயிர் எடுக்காத நைத்திரேற்று கடைசியிற் கிணற்றைச் சேர்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலும் கற்பிட்டியின் மணல் நிலத்திலும் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரிற் கரைத்த பாலுணவு கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. தோட்டத்தில் வீணான பசளை வீட்டுக் கிணற்றிற்கு வருகின்றதென்றால், அது பணநட்டம் மாத்திரமன்று.

உங்கள் நிலத்தில் ஒரு பரீட்சை

பிறர் சொல்வதை நம்புவதிலும் தன் நிலத்தில் தானே கண்டறிதல் மேலானது. ஒரே தன்மையுள்ள இடத்தில், ஐந்தைந்து வரிசைகள் கொண்ட மூன்று பாத்திகளைக் குறித்துக்கொள்க. ஒன்றிற்கு மேற்கட்டு நைதரசன் இடாது விடுக. இன்னொன்றிற்கு நீங்கள் வழக்கமாக இடும் முறையில் இடுக. மூன்றாவதற்குச் சிபார்சு செய்யப்பட்ட அளவை, மேலே கூறிய காலத்தில், மண்ணால் மூடி இடுக. ஏனைய வேலைகள் யாவும் மூன்றிற்கும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும்.

அறுவடையின்போது ஓரவரிசைகளை விடுத்து, நடுவிலுள்ள இரு வரிசைகளில் 8 மீற்றர் 33 சதமமீற்றர் நீளத்திற்குப் பொத்திகளை முறித்தெடுக்க. 60 சதமமீற்றர் இடைவெளியுள்ள வரிசைகளில் இது 10 சதுரமீற்றர் நிலமாகும். மணியைப் பிரித்து, மூன்றையும் ஒரே அளவிற்கு உலர்த்தி நிறுக்க. வரும் கிலோவை 405ஆற் பெருக்கினால் ஏக்கர் விளைவு கிடைக்கும். உதாரணமாக, 5 கிலோ வந்தால் ஏக்கருக்கு 2,025 கிலோ. மேற்கட்டு இட்ட பாத்தி இடாத பாத்தியை விட எவ்வளவு கூடுதலாகத் தந்தது என்று கண்டு, அதன் விலையைப் பசளையின் விலையுடனும் கூலியுடனும் ஒப்பிடுக. அடுத்த போகத்திற்கு எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்கு உங்கள் நிலமே விடை கூறும்.

சுருக்கம்

அடிக்கட்டிற் சிறிதளவும், முழங்கால் உயரத்தில் பெரும்பங்கும் நைதரசன் இடுக. களையெடுத்து, ஈரநிலத்தில் இட்டு, மண்ணால் மூடுக. கீழ் இலையின் நுனியையும் நடுநரம்பையும் அடிக்கடி கவனிக்க. கூட்டெருவைக் கைவிடாதிருக்க. நாட்காட்டியில் விதைத்த நாளைக் குறித்து, அதிலிருந்து 21ஆம் நாளையும் 28ஆம் நாளையும் அடையாளமிடுக. பசளையை அந்நாட்களுக்கு முன்னரே வாங்கி, ஈரமின்றி வைத்திருக்க. பொத்தியின் மணிவரிசைகள் நமது வசதிக்காகக் காத்திருப்பதில்லை.